பத்திரத்தின் முதுகு

என் மேசைக்கு வரும் கிரைய ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆங்கிலத்தில் அடித்திருந்தால் ‘டைம் இஸ் தி எசென்ஸ் ஆஃப் தி கான்ட்ராக்ட்’. தமிழில் எழுதியிருந்தால் ‘காலமே இவ்வொப்பந்தத்தின் சாரம்’. பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் பல வருடமாகக் கிடக்கும் மாதிரியில் பெயரும் சர்வே எண்ணும் தொகையும் தேதியும்தான் மாறும். இந்த வரியை யாரும் தொடுவதில்லை. எழுதிக் கொடுப்பவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எழுதி வாங்குபவருக்கும் தெரியாது. டீ குடிக்க வந்த இடத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைக் கேட்கவே வேண்டாம். தென் மாவட்டத்துச் சார்பு நீதிமன்றம் ஒன்றில் சிவில் வழக்கு நடத்தியே தலை நரைத்தவன் நான். என் வருமானத்தில் பாதி இந்த வரி போட்ட பிச்சை.

அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் இதே சொற்றொடரைச் சொன்னால், சீக்கிரம் முடியுங்கள் என்று அர்த்தம். கோர்ட்டில் அதற்கும் அவசரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு வாரக் கெடு வைத்த ஒப்பந்தத்தில் காலம் சாரமாக இல்லாமல் போகலாம். ஐந்து வருடக் கெடுவில் அது சாரமாக இருக்கலாம். கேள்வி ஒன்றுதான். தேதி தவறினால் எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தையே உதறிவிட்டுப் போகலாமா, அல்லது ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாமா? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, காலம் சாரம் என்றால் உதறலாம், இல்லையென்றால் நஷ்ட ஈடுதான் என்கிறது. எது எந்த வகை என்பதற்கு அது வைத்திருக்கும் உரைகல், இரு தரப்பின் எண்ணம். அந்த வரி தாளில் இருக்கிறதா இல்லையா என்று பிரிவு கேட்கவே இல்லை. கட்சிக்காரர்களுக்கு இதை விளங்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். “அதான் எழுதியிருக்குல்லா சார்” என்பார்கள், விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு.

எழுதாமலே காலம் சாரமாகிற இடங்கள் உண்டு. கல்யாணத்துக்கு நாகஸ்வர செட் பேசி அட்வான்ஸ் கொடுப்பவர் யாரும் முத்திரைத் தாளில் எழுதி வாங்குவதில்லை. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. கெட்டிமேளம் இல்லாமலே தாலி ஏறி, எட்டு மணிக்கு வேன் வந்து நின்றால் மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். நிலத்தின் கதை நேர்மாறு. அதில் எத்தனை தடவை எழுதி வைத்தாலும் கோர்ட் சுலபத்தில் நம்பாது.

இந்த அவநம்பிக்கை லண்டனிலிருந்து வந்தது. அங்கே ஒரு காலத்தில் இரண்டு வகை நீதிமன்றங்கள் இருந்தன. பொதுச் சட்ட நீதிமன்றம் தேதி தவறியதும் கதவைச் சாத்திவிடும். சான்சரி நீதிமன்றம் வேறு மாதிரி யோசித்தது. நிலம் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, மூலப்பத்திரங்களைப் பார்த்து முடிக்க நாளாகும், தாமதத்தால் வந்த நஷ்டத்தை வட்டியாகக் கட்டிவிடலாம் என்றது. 1873இல் ஜூடிகேச்சர் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியபோது சான்சரியின் பார்வையே நின்றது. 1915இல் ஜம்ஷெட் கோதாராம் இரானி வழக்கில் பிரிவி கவுன்சிலுக்காகத் தீர்ப்பு எழுதிய ஹால்டேன் பிரபு, நம் 55ஆம் பிரிவும் அந்த வழியில்தான் போகிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலம் சாரமல்ல என்று அனுமானித்துத்தான் வழக்கே தொடங்கும். சாரம் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

சரக்கு வியாபாரத்தில் இந்தத் தயவு கிடையாது. இதற்கு நான் ஜூனியர்களிடம் சொல்லும் உதாரணம் நம் கடற்கரையிலிருந்து கிளம்பிய அரிசி. 600 டன் மதராஸ் அரிசி, மதராஸிலோ அதை ஒட்டிய கரையிலோ, 1874 மார்ச், ஏப்ரல் மாதங்களில், ‘ராஜா ஆஃப் கொச்சின்’ என்ற கப்பலில் ஏற்ற வேண்டும் என்று ஒப்பந்தம். அரிசியில் பெரும்பகுதியைப் பிப்ரவரியிலேயே ஏற்றிவிட்டார்கள். அரிசியில் குறை இல்லை, அளவிலும் குறை இல்லை. லண்டனில் வாங்கியவர்கள் வேண்டாம் என்றார்கள். பௌஸ் எதிர் ஷாண்ட் என்ற அந்த வழக்கில் 1877இல் பிரபுக்கள் சபை வாங்கியவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மார்ச் என்றால் மார்ச். முந்தினாலும் தவறுதான். இதைக் கேட்டதும் ஜூனியர்களுக்குச் சிரிப்பு வரும். வியாபாரியோ சிரிக்கமாட்டார். சரக்கு எந்த மாதம் ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் பணம் புரட்டுகிறார், மேற்கொண்டு விற்கவும் பேசி வைத்திருக்கிறார்.

நான் தொழில் கற்ற சீனியர் நிலத்தின் பக்கம் ஊறியவர். யாராவது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டினால் முதல் பக்கத்தைப் படிக்கமாட்டார். “திருப்பிப் போடு” என்பார். பத்திரத்தின் முதுகில்தான் எழுத்து இருக்கும். ‘இன்று ரூ.50,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், கெடு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது’ என்று நீலப் பேனாவில் ஒன்று. அதன் கீழே கறுப்புப் பேனாவில், இன்னும் கொஞ்சம் தொகை, இன்னும் கொஞ்சம் காலம். சில பத்திரங்களில் முதுகு நிறைந்து, தனித் தாள் ஒட்டி அதிலும் வரவு வைத்திருப்பார்கள். ஒப்பந்தச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி கெடுவை நீட்டிக் கொடுக்க விற்பவருக்கு உரிமை உண்டு, கொடுத்துவிட்டார். முன்பக்கத்தில் காலமே சாரம் என்று எழுதியதைப் பின்பக்கத்தில் அவர் கைப்படவே அடித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடும்போது பதில் சொல்வது கடினம்.

அதனால் இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, சாரம் கையெழுத்துப் போடும் நாளில் தீர்மானமாவதில்லை. அதற்குப் பிறகு இருவரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. கெடு முடிந்த மறுநாள் விற்பவர் என்ன செய்தார்? நோட்டீஸ் விட்டாரா, அல்லது வாங்குபவர் மகன் காதுகுத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தாரா? தாமதமாக வந்த பணத்தை வாங்கினாரா? வாங்கும்போது ஏதாவது சொன்னாரா? 55ஆம் பிரிவின் கடைசிப் பத்தியை யாரும் கவனிப்பதில்லை. உதறும் உரிமை இருந்தும், தாமதமாகச் செய்ததை ஏற்றுக்கொண்டவர் பின்னால் நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே கேட்கப்போவதாகத் தெரிவித்திருக்க வேண்டும். நம் ஊரில் பணம் வாங்கும்போது யார் அப்படிச் சொல்வார்கள்? “பரவாயில்ல, இருக்கட்டும்” என்பதுதான் நம் நாகரிகம். அந்தப் ‘பரவாயில்ல’தான் பிறகு பிராதில் பத்தி பத்தியாக வரும்.

கட்டட ஒப்பந்தங்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் இவ்வளவு அபராதம் என்று போடுவார்கள், தேவைப்பட்டால் கால நீட்டிப்பு என்றும் போடுவார்கள், முடிவில் காலமே சாரம் என்றும் போடுவார்கள். தாமதத்துக்கு நீங்களே விலை எழுதிவிட்டீர்கள், பிறகு அது எப்படிச் சாரமாகும் என்ற தர்க்கத்தில் 1979இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிரட்டல் கூடக் கூட வரியின் பலம் குறைகிறது.

நிலத்துக்குத் திரும்புகிறேன், என் சோறு அங்கேதான். சான்சரி நீதிமன்றத்தின் நிதானம் விலைவாசி அசையாத காலத்துக்குச் சரி. ஒரு மனையின் விலை மூன்று வருடத்தில் மூன்று மடங்காகிற ஊரில், கெடு தவறியவருக்குக் காட்டும் தாராளம் விற்பவரின் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பது. இதை உச்ச நீதிமன்றமே சொல்ல வைத்தது மதுரை நகரத்து வீடு ஒன்று. 1978 டிசம்பரில் விலை 60,000 ரூபாய் பேசி, 5,000 அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்தார்கள். அதற்குப் பிறகு வாங்குபவர் இரண்டரை வருடம் வாயைத் திறக்கவில்லை. 1981 ஜூலையில்தான் நோட்டீஸ் விட்டார். அதற்குள் விலை எங்கேயோ போயிருந்தது. 1997இல் வித்யாநாதம் எதிர் வைரவன் என்ற அந்த வழக்கில் நீதிபதி ஜீவன் ரெட்டி, நிலத்தில் காலம் சாரமல்ல என்ற பழைய விதியை விலை ஏறாத காலத்தின் விதியாகப் பார்த்து, அதைத் தளர்த்தி மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினார். வாங்கியவருக்கு வீடு கிடைக்கவில்லை. காலம் சாரமாக இல்லாவிட்டாலும் கெடு என்று ஒன்று குறித்ததற்கு ஏதாவது மதிப்பு இருக்க வேண்டாமா என்பதுதான் தீர்ப்பின் கேள்வி. 2011இல் சாரதாமணி கந்தப்பன் வழக்கில் நீதிபதி ரவீந்திரன் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அதுவும் தமிழ்நாட்டு நிலம்தான். கிரையப் பத்திரம் முடிக்கும் தேதி சாரமாக இல்லாமல், தவணைப் பணம் கட்டும் தேதிகள் மட்டும் சாரமாக இருக்க முடியும் என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். ஒரே பத்திரத்தில் இரண்டு வகைத் தேதி. இந்த வித்தியாசம் பத்திர எழுத்தரின் மாதிரிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆனாலும் ஊரில் ஒரு நம்பிக்கை வேரோடியிருக்கிறது: அக்ரிமெண்டுக்கு மூன்று வருடம் உயிர். காலவரையறைச் சட்டத்தின் 54ஆம் இனம் வழக்குப் போட மூன்று வருடம் கொடுக்கிறது, உண்மை. அது கோர்ட் படியேறக் கடைசி நாள். அதுவரை காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் வாதி கூண்டில் ஏறியதும் நான் கேட்கும் முதல் கேள்வி வங்கிப் புத்தகத்தைப் பற்றியது. கெடு நாளில் கணக்கில் எவ்வளவு இருந்தது? பாக்கிக்குக் கடன் ஏற்பாடு செய்திருந்தீர்களா? பத்திரச் செலவுக்கு? இந்த வகை வழக்குகளுக்கான 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 16ஆம் பிரிவு கேட்பது பணத்தை எண்ணிக் காட்டச் சொல்லி அல்ல. பணத்துக்கு வழியும் வாங்கும் மனமும் தொடர்ந்து இருந்தன என்று காட்டச் சொல்லி. 2018 திருத்தத்துக்குப் பிறகு நீதிபதியின் விருப்ப அதிகாரம் சுருங்கியிருக்கிறது, இந்தச் சுமை மட்டும் இறங்கவில்லை. கெடு நாளில் 3,000 ரூபாய் இருந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘எப்போதும் தயாராக இருந்தேன்’ என்று சத்தியம் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விவரம் தெரிந்த வாங்குபவர் கெடுவின் கடைசி நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். முத்திரைத் தாள் வாங்கி, வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டு, அதன் ரசீதைப் பத்திரப்படுத்தி, சாயந்திரம் வரை வேப்பமரத்தடியில் இருப்பார். அந்தக் காலத்தில் பக்கத்துத் தந்தி ஆபீசுக்குப் போய் ‘பணத்துடன் காத்திருக்கிறேன், உடனே வரவும்’ என்று ஒரு தந்தி கொடுத்துவிடுவார். தந்தியில் தேதியும் நேரமும் விழும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2013 ஜூலை 15 முதல் தந்திச் சேவை நின்றபோது பத்திரிகைகள் மரணச் செய்தி வந்த பழைய ராத்திரிகளை எல்லாம் எழுதின. சிவில் வக்கீல்களின் இழப்பை யாரும் எழுதவில்லை.

விற்பவர் பக்கத்தில் வேறு சிக்கல். கெடு ஆடி மாதத்தில் விழுந்திருக்கும். ஆடியில் பத்திரம் போட வீட்டுப் பெரியவர் சம்மதிக்கமாட்டார். ஆவணி முதல் முகூர்த்த நாளில் அலுவலகம் தேர்க்கூட்டமாக இருக்கும், டோக்கன் கிடைக்காது, கிடைத்தால் ராகு காலத்தில் கிடைக்கும். இதில் யார் மேல் தவறு என்று கோர்ட்டில் பிரிக்கவே முடியாது. 55ஆம் பிரிவுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. அதனால் நான் எழுதும் ஒப்பந்தங்களில் கெடு ஆடியிலும் மார்கழியிலும் விழாமல் பார்த்துக்கொள்வேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி இது.

இன்னொரு வகை ஒப்பந்தத்தைச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொன்னதாகாது. விலை பத்து லட்சம், அட்வான்ஸ் ஒன்பதரை லட்சம், பாக்கி ஐம்பதாயிரம், கெடு மூன்று வருடம், காலமே சாரம். பார்த்ததும் தெரியும், இது கிரையமே அல்ல, வட்டிக்கு வாங்கிய கடன். புரோநோட்டை நம்பாதவர் சொத்தின் மேல் அக்ரிமெண்ட் எழுதி வாங்கியிருக்கிறார். பெரும்பாலும் சொத்தின் உண்மை விலை முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கும். ஒன்பதரை லட்சத்தைச் சுளையாகக் கொடுத்தவருக்கு ஐம்பதாயிரம் புரட்ட மூன்று வருடம் எதற்கு? குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டால் பலர் தண்ணீர் கேட்பார்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவானதால் கடன் கிரையமாகிவிடுவதில்லை. ஆனால் கடன் வாங்கியவர் அதைக் கடன் என்று நிரூபிக்க முன்பைவிட அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பத்திரங்களில் அந்த ஆங்கில வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இப்போதெல்லாம் வரைவுக்கு வருகிறவர்களிடம் அந்த வரியை நான் அடித்துவிடுகிறேன். காலம் நிஜமாகவே முக்கியம் என்றால் ஏன் முக்கியம் என்று எழுதச் சொல்வேன். வங்கி ஏலத் தேதி குறித்திருக்கிறது, அதற்குள் இந்தப் பணம் கட்டாவிட்டால் சொத்தே போய்விடும் என்று காரணத்தை எழுதினால், அது வாங்குபவருக்கும் தெரிந்தே அவர் கையெழுத்துப் போட்டார் என்று ஆகும். எண்ணத்தைக் காட்ட அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. காரணம் எழுதாமல் விட்டு, வாங்குபவர் இழுத்தடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. நியாயமான அவகாசம் கொடுத்து, அதற்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று நோட்டீஸ் விடலாம். முதலில் சாரமாக இல்லாத காலம் அந்த நோட்டீசிலிருந்து சாரமாகும். ஏழு நாள் கொடுத்தால் நியாயமா, முப்பது நாளா என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது. ஊரில் பாதி நோட்டீசுகளில் பதினைந்து நாள் இருக்கும். ஏன் பதினைந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

பத்திரத்தின் முதுகு இப்போது காலியாக இருக்கிறது. எழுத்தெல்லாம் போனுக்குப் போய்விட்டது. என்னிடம் இப்போது இருக்கும் வழக்கில் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் தன் காலி மனையை விற்க ஒப்பந்தம் போட்டார். வங்கிக் கடன் முடிக்கத்தான் விற்கிறார் என்ற காரணம், தேதி எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்ட பத்திரம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு வாங்குபவர் வாட்ஸ்அப்பில் ‘அண்ணாச்சி, லோன் லேட்டாகுது, ஒரு மாசம் டைம் குடுங்க’ என்று அனுப்பினார். அண்ணாச்சி பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். கெடு முடிந்ததும் என்னிடம் வந்து ரத்து நோட்டீஸ் விட்டார், வாங்குபவர் வழக்குப் போட்டார். ஒப்பந்தச் சட்டம் 63ஆம் பிரிவின்படி அந்தக் கட்டைவிரல்தான் கால நீட்டிப்பு என்பது அவர் வாதம். அதன் அச்சு நகலை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழோடு தாக்கல் செய்திருக்கிறார். அந்தச் சான்றிதழ் பிரிவின் எண்ணும் 63.

“பாத்துட்டேன்னு சொல்றதுக்குத்தான் சார் போட்டேன். சரின்னு சொல்லலியே” என்கிறார் அண்ணாச்சி.

நம்புகிறேன். நான் நம்பி என்ன ஆகிறது, நீதிபதி நம்ப வேண்டும். அடுத்த வாய்தாவில் அண்ணாச்சி கூண்டேறுகிறார். அதற்காக அந்த இரண்டு போன்களுக்கு இடையே போன முழு உரையாடலையும் இறக்கி அச்செடுத்துக்கொண்டிருக்கிறோம். வாங்குபவர் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு அனுப்பும் குட்மார்னிங்குக்கும், கோயில் கொடைப் படங்களுக்கும், ஒரு தடவை தன் மாமனார் இறந்த செய்திக்கும்கூட அண்ணாச்சி இதே கட்டைவிரலைத்தான் போட்டிருக்கிறார்.